பருவத்திற்கு முந்தைய வாதம்: ரிச்மண்ட் அணியின் 2017ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மெல்பர்ன் நகரின் எம்.சி.ஜி. மைதானத்தில் டிசம்பரிலும் ஜனவரியிலும் கிரிக்கெட் நடக்கும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் கடைசி ஆட்டம் செப்டம்பர் இறுதியில் முடிந்திருக்கும். அடுத்த பருவம் மார்ச் மாதம்தான் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் எந்த அணியும் ஒரு புள்ளிகூட எடுப்பதில்லை. ஆனாலும் கால்பந்துப் பேச்சு ஓய்வதில்லை. நம் அணி இறுதிச்சுற்றுக்குள் நுழையுமா, பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா, போனவனுக்கு ஈடாக வந்தவன் தேறுவானா என்ற கேள்விகள் அலுவலகத்திலும் மதுக்கூடத்திலும் கிறிஸ்துமஸ் விருந்திலும் எழுந்துகொண்டே இருக்கும்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விக்டோரியா மாநிலத்தின் கால்பந்துக் கிளப்புகளுக்குத் தனி முதலாளி கிடையாது. அவை உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. ஆண்டுச் சந்தா கட்டுபவர் நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கிறார். எனவே கோடையில் ரசிகர்கள் வந்தடையும் முடிவு பயிற்சியாளரின் வேலையையும் தலைவரின் நாற்காலியையும் தொட வல்லது. விளைவுள்ள வாதம் எதுவும் அதன் சான்றுகளைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டும். ரசிகர்கள் எந்தச் சான்றுகளைக் கொண்டு வாதிடுகிறார்கள், அவற்றின் வலிமை எவ்வளவு, எதைக் காணாமல் விடுகிறார்கள் என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் அணியின் உச்சியில் உள்ள நான்கைந்து பெயர்களைப் பற்றி அளவுக்கு மீறி வாதிடுகிறார்கள். மாற்று வீரர்கள் உட்பட ஓர் ஆட்டத்துக்குத் தேர்வாகும் அணியின் கடைசி ஆறு பேரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். ஒரு பருவத்தின் திருப்பம் பெரும்பாலும் அந்த ஆறு பேரிடமிருந்தே வருகிறது.

2. வாதத்தை இயல்பாக்கும் அமைப்பு

ஆட்டத்தின் விதிகள் முழுவதும் இங்கே தேவையில்லை. ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர், முட்டை வடிவ மைதானம், நான்கு கால்பகுதிகள். இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள். நடு இரு கம்பங்களுக்கிடையே உதைத்த பந்து சென்றால் அது கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் சென்றால் 1 புள்ளி. புள்ளிப்பட்டியலில் வெற்றிக்கு 4, சமனுக்கு 2. பட்டியல் புள்ளிகள் சமமானால், ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளுக்கும் விட்ட புள்ளிகளுக்கும் உள்ள விகிதம் இடத்தைத் தீர்மானிக்கும்.

நம் ஆய்வுக்கு முக்கியமானது போட்டியின் பொருளாதாரம். 1897இல் விக்டோரியாவின் லீக்காகத் தொடங்கி, 1990இல் ஆஸ்திரேலிய லீக் என்று பெயர் மாறி, 2012 முதல் 18 கிளப்புகளைக் கொண்ட இப்போட்டியில் தகுதியிறக்கம் கிடையாது. 1986 முதல் ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கிறது. பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு. 1987 முதல் வீரர்களின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பும் உண்டு. பணக்காரக் கிளப் நட்சத்திரங்களை எல்லாம் வாங்கிக் குவித்துவிட முடியாது. அடிமட்டத்தில் இருக்கும் கிளப்பும் நிரந்தரமாக அங்கேயே கிடக்க வேண்டியதில்லை.

இதன் விளைவைக் கோப்பை வென்றவர்களின் வரிசையில் காணலாம். 2008 முதல் 2025 வரையான 18 பருவங்களில் ஒன்பது வெவ்வேறு கிளப்புகள் கோப்பையைத் தூக்கியிருக்கின்றன. மொத்தக் கிளப்புகளில் சரிபாதி. இரண்டு மூன்று பணக்கார அணிகளே மாறி மாறி வெல்லும் ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சென்ற ஆண்டு பதின்மூன்றாம் இடத்தில் முடித்த அணியின் ரசிகர் இங்கே நம்பிக்கையோடு பேசினால், அவர் பேச்சுக்கு லீக்கின் அமைப்பிலேயே அடிப்படை இருக்கிறது.

3. சான்று வகைகளும் அவற்றின் வலிமையும்

3.1 சென்ற ஆண்டின் பட்டியல்

பெரும்பாலான வாதங்கள் தொடங்கும் இடம் இதுதான். ஆனால் பட்டியல் தோன்றுவதைவிடக் குறைவாகவே சொல்கிறது. 18 அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை மோதுவதில்லை. 22 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஓர் அணி ஐந்து எதிரிகளை மட்டுமே இருமுறை சந்தித்தது. 2023இல் ஆட்டங்கள் 23 ஆனபோது அது ஆறாயிற்று. அந்த இரட்டைச் சந்திப்புகள் முந்தைய ஆண்டின் இடத்தையொட்டிப் பகிரப்படுவதால், கீழே முடித்தவர்களுக்கு அட்டவணை ஓரளவு இலகுவாக அமைகிறது.

மேலே முடித்தவர்கள் சரிவதும் அடிக்கடி நடக்கிறது. 2016இல் கோப்பை வென்ற வெஸ்டர்ன் புல்டாக்ஸ் மறு ஆண்டு இறுதிச்சுற்றுக்கே வரவில்லை. 2022இல் வென்ற ஜீலாங் அணிக்கும் 2023இல் வென்ற காலிங்வுட்டுக்கும் மறு ஆண்டு அதே நிலைதான். நடப்புச் சாம்பியனின் ரசிகரும் கோடையில் நிம்மதியாக உறங்க முடியாது.

3.2 வந்தோர், போனோர்

அக்டோபரில் வீரர் பரிமாற்றக் காலம், நவம்பரில் டிராஃப்ட். போனவர்களின் பெயரை ஒரு பக்கமும் வந்தவர்களின் பெயரை மறுபக்கமும் எழுதிக் கூட்டிக் கழிப்பது ரசிகர்களுக்குப் பிடித்த கணக்கு. இதில் ஒரு குறை உண்டு. போனவரின் ஆட்டங்களை ரசிகர் பத்தாண்டுகளாகப் பார்த்திருக்கிறார். அந்த இழப்பு துல்லியமாகத் தெரிகிறது. வந்தவர் வேறு ஊரின் இரண்டாம் அணியில் ஆடியவர். அவரால் கிடைக்கப்போகும் ஆதாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்தக் கணக்கு எப்போதும் நட்டத்தின் பக்கமே சாய்கிறது.

3.3 பயிற்சிச் செய்திகள்

ஜனவரி வெயிலில் வேலியோரம் நின்று பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து சொல்பவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் இருக்கிறார்கள். யார் உடம்பை இறுக்கியிருக்கிறார், யார் நொண்டுகிறார், ஓட்டத்தில் யார் முந்துகிறார் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எல்லாக் கிளப்பிலும் எல்லா வீரர்களும் கோடையில் இளைத்து இறுகித்தான் தெரிகிறார்கள். எல்லா அணிக்கும் பொதுவாக வரும் நற்செய்தியால் எந்த அணியையும் மற்றதிலிருந்து பிரித்தறிய முடியாது. காயச் செய்தி மட்டும் விதிவிலக்கு. அது மெய்யான தகவல்.

3.4 பயிற்சி ஆட்டங்கள்

1988 முதல் 2013 வரை பருவத்திற்கு முன் ஒரு தனிக் கோப்பையே இருந்ததால் இதைச் சோதிப்பது எளிது. கார்ல்டன் 2005இல் அந்த முன்பருவக் கோப்பையை வென்றது. பருவ முடிவில் கடைசி இடம். 2007இல் மீண்டும் வென்றது. 16 அணிகளில் பதினைந்தாம் இடம். மறுபுறம் எசண்டன் 2000இலும் ஜீலாங் 2009இலும் இரண்டு கோப்பைகளையும் வென்றன. அவை முன்பே வலிமை பெற்றிருந்த அணிகள்; பயிற்சி ஆட்டம் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. பிப்ரவரி வெற்றியைக் கொண்டாடுவதில் தவறில்லை. அதைச் சான்றாக வைத்து வாதிடுவது தவறு.

4. நினைவு என்னும் ஐந்தாம் சான்று

மேற்சொன்ன நான்கோடு, யாரும் சான்றென்று ஒப்புக்கொள்ளாத ஒன்றும் வாதத்தில் நுழைகிறது. அது கிளப்பின் பழைய காயங்கள். ரிச்மண்ட் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

1885இல் தொடங்கி 1908இல் லீக்கில் சேர்ந்த கிளப் அது. எம்.சி.ஜி.க்கு எதிரே, பூங்காவைக் கடந்தால் நடக்கும் தூரத்தில் அதன் பன்ட் ரோடு மைதானம். 1967 முதல் 1980 வரை ஐந்து கோப்பைகள் வென்று, மற்ற அணிகளை அச்சுறுத்திய காலம் ஒன்று இருந்தது. 1982 இறுதிப்போட்டியில் கார்ல்டனிடம் தோற்றபின் சரிவு தொடங்கியது. 1990இல் கிளப்பே மூடப்படும் நிலை. அக்டோபர் இறுதிக்குள் பத்து லட்சம் டாலர் திரட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் ரசிகர்கள் உண்டியல் குலுக்கிக் கிளப்பைக் காப்பாற்றினார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியை அறியாமல் ரிச்மண்ட் ரசிகரின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் கிளப் உயிரோடிருப்பதே அவர்கள் போட்ட காசினால்.

1994இல் இறுதிச்சுற்றுக்கு எட்டு அணிகள் என்ற முறை வந்தது. அந்த ஆண்டு ரிச்மண்ட் ஒன்பதாவது. 1996, 1998, 2000, 2006, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஒன்பதாவதே. வாசற்படியில் நின்றே ஆறு பருவங்கள் போயின. 2013இல் ஐந்தாம் இடம் பிடித்தபோது, ஊக்கமருந்து விவகாரத்தில் எசண்டன் விலக்கப்பட்டதால் ஒன்பதாம் இடத்து கார்ல்டன் உள்ளே வந்தது. அந்த கார்ல்டனிடமே ரிச்மண்ட் முதல் ஆட்டத்தில் தோற்றது. 2014இலும் 2015இலும் அதேபோல் முதல் ஆட்டத்திலேயே வெளியேற்றம்.

இவ்வளவையும் சுமக்கும் ஒருவர் புதிய பருவத்தைப் பற்றிப் பேசும்போது, களமிறங்கப்போகும் வீரர்களை மட்டும் எடைபோட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. அதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் 2006இல் ஒன்பதாவதாக வந்த அணிக்கும் பத்தாண்டு கழித்து ஆடவிருக்கும் அணிக்கும் பெரும்பாலும் சட்டையைத் தவிர வேறு தொடர்பில்லை. அந்த நினைவுகள் அன்பைப் பற்றிய சான்றுகள். ஆட்டத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

5. 2016–17 கோடை

5.1 குற்றப்பத்திரிகை

2016 பருவத்தில் ரிச்மண்ட் 8 வெற்றி, 14 தோல்வியோடு பதின்மூன்றாவதாக முடித்தது. கடைசி ஆட்டத்தில் சிட்னி அணியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கியது. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் 2010 முதல் பொறுப்பிலிருந்தும் இறுதிச்சுற்றில் ஓர் ஆட்டம்கூட வென்றிருக்கவில்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் 2018 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. நிர்வாகக் குழுவைக் கலைக்க வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. 2004 டிராஃப்டின் முதல் தேர்வாக வந்து 243 ஆட்டங்கள் ஆடிய பிரெட் டெலீடியோ, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணிக்குப் போனார். ஹார்ட்விக்கை நீக்க வேண்டும் என்று வாதிட்டவர்களின் கையில் இவ்வளவும் இருந்தன. அன்று கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய வாதம் அறிவீனமானதல்ல.

தலைவர் பெகி ஓநீலும் தலைமை நிர்வாகி பிரெண்டன் கேலும் அசையவில்லை. பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றியிருந்த ஆட்களை மாற்றினார்கள். 1973, 1974 கோப்பை அணிகளில் ஆடிய நீல் பாம், கால்பந்துப் பிரிவின் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். பிளேக் காரசெல்லா, ஜஸ்டின் லெபிட்ச் ஆகியோர் துணைப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தார்கள். நிர்வாகத்தைக் கலைக்கும் முயற்சி கைவிடப்பட்டது.

5.2 வேலிக்கு அப்பால் தெரியாதவை

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதியே. அந்தக் கோடையில் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நான்கு பேரை: அணித்தலைவர் டிரென்ட் காட்சின், டஸ்டின் மார்ட்டின், தடுப்பாட்டக்காரர் அலெக்ஸ் ரான்ஸ், முன்கள வீரர் ஜாக் ரீவோல்ட். இந்த நால்வரும் போதாது, டெலீடியோவும் போய்விட்டார் என்பது அவநம்பிக்கையாளரின் வாதம். நால்வரும் இன்னும் நன்றாக ஆடினால் மீளலாம் என்பது நம்பிக்கையாளரின் வாதம். இரண்டு தரப்பும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மாற்றம் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. வீரர்கள் ஒருவர்முன் ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் அமர்வுகள் நடந்தன. தாம் மதிக்கும் மனிதர், தாம் பட்ட துன்பம், தம் வாழ்வின் உயர்ந்த தருணம் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் பேசினார்கள். மனப்பயிற்சிக்காக எம்மா மரே பணிபுரிந்தார். இவை வேலியோரம் நிற்பவர் கண்ணில் படக்கூடியவை அல்ல. அவை மட்டுமே கோப்பையை வாங்கித் தந்தன என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கண்ணில் பட்டிருக்கக்கூடியது இரண்டாம் அணி. 2014 முதல் ரிச்மண்ட் தனக்கென்று சொந்தமாக ஓர் இரண்டாம் அணியை விக்டோரிய மாநில லீக்கில் ஆடவிட்டது. அங்கே ஒரே முறையில், ஒரே பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர்கள்தாம் 2017இல் மேலே வந்தார்கள். கேன் லாம்பர்ட், ஜேசன் கஸ்டான்யா இருவரும் டிராஃப்டின் முதன்மைப் பட்டியலில் இடம் பெறாமல் கற்றுக்குட்டி வீரர்களாகச் சேர்க்கப்பட்டவர்கள். டேன் பட்லர் 67ஆம் தேர்வு. இவர்களோடு டேனியல் ரியோலியும் சேர, உயரமான முன்கள வீரர் ரீவோல்ட் ஒருவரே, அவரைச் சுற்றிக் குட்டையான, வேகமான, எதிரியைப் பந்தோடு மூச்சுவிட விடாத ஒரு கூட்டம் என்ற புதிய அமைப்பு உருவானது. சிட்னியில் அதிகம் இடம் கிடைக்காத டோபி நான்கர்விஸ், பந்தை எறிந்து ஆட்டம் தொடங்கும் இடங்களில் முதன்மை வீரரானார். டையன் பிரெஸ்டியாவும் ஜாஷ் கேடியும் வேறு அணிகளிலிருந்து வந்தார்கள்.

5.3 பருவம் தந்த விடை

முதல் ஐந்து ஆட்டங்களிலும் ரிச்மண்ட் வென்றது. அடுத்து அடிலெய்டிடம் 76 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. அதைத் தொடர்ந்து முறையே 5, 2, 3 புள்ளி வித்தியாசத்தில் மூன்று தோல்விகள். பழைய நினைவெல்லாம் மேலெழும்பிய மாதம் அது. ஆனால் கடைசி மூன்று தோல்விகளும் ஓர் உதையில் மாறியிருக்கக்கூடியவை. அவற்றில் தெரிவது, எந்த அணியோடும் மல்லுக்கு நிற்கும் ஓர் அணி. 15 வெற்றிகளோடு மூன்றாம் இடம் பிடித்து, ஜீலாங்கை 51 புள்ளியிலும் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை 36 புள்ளியிலும் வீழ்த்தி இறுதிப்போட்டிக்கு வந்தது.

2017 செப்டம்பர் 30. எம்.சி.ஜி.யில் 1,00,021 பேர். பட்டியலில் முதலிடம் பிடித்த அடிலெய்டை 108–60 என்று வென்று, 37 ஆண்டுகளுக்குப் பின் ரிச்மண்ட் கோப்பையைத் தூக்கியது. மார்ட்டின் இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதே வாரம் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையும் 36 வாக்குகளோடு பெற்றிருந்தார்.

அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஜாக் கிரஹாமுக்கு அது ஐந்தாவது ஆட்டம். முந்தைய நவம்பர் டிராஃப்டில் அவர் 53ஆம் தேர்வு. இரண்டு கோல் அடித்த ஜேக்கப் டவுன்செண்ட் பருவத்தின் பெரும்பகுதியை இரண்டாம் அணியில் கழித்தவர். கடைசிச் சில வாரங்களில்தான் மேலே அழைக்கப்பட்டார். அந்த இரண்டாம் அணியும் அதே ஆண்டு தன் லீக்கின் இறுதிப்போட்டிக்குச் சென்று, போர்ட் மெல்பர்ன் அணியிடம் 4 புள்ளியில்தான் தோற்றது. 2016 டிசம்பரில் நடந்த எந்த வாதத்திலும் கிரஹாமின் பெயருக்கு இடம் இருந்திருக்க வழியில்லை. டவுன்செண்டின் பெயருக்கு இருந்திருக்கலாம்.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு: இது மார்ட்டின் என்ற ஒரு மனிதரின் வெற்றி. 2016இலும் ரிச்மண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் மார்ட்டின்தான், அணி பதின்மூன்றாவது. உச்சி இரண்டு ஆண்டிலும் உயரமாகவே இருந்தது. அடித்தளம்தான் மாறியது.

இரண்டாம் மறுப்பு: அதிர்ஷ்டம். 2017இல் முக்கிய வீரர்கள் பெரும்பாலும் காயமின்றித் தப்பினார்கள் என்பது உண்மை. இதை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் அதே அடித்தளம் 2019இலும் 2020இலும் கோப்பை வென்றது. மூன்று முறையும் அதிர்ஷ்டம் என்று சொல்வது கடினம்.

மூன்றாம் மறுப்பு வலிமையானது: ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா? காலிங்வுட்டைப் பார்ப்போம். 2017இல் அதுவும் பதின்மூன்றாவது. பயிற்சியாளர் நேதன் பக்லியை நீக்கச் சொன்ன குரல்களை மீறி அவரை வைத்துக்கொண்டது. 2018 இறுதிப்போட்டியில் 5 புள்ளியில்தான் தோற்றது. 2021இல் பதினேழாவதாக முடித்தது. 2022இல் கிரெய்க் மெக்ரே பொறுப்பேற்றதும், நெருக்கமான ஆட்டங்களை வரிசையாக வென்று நான்காம் இடத்துக்கு வந்தது. நூலிழையில் வென்றவை அடுத்த ஆண்டு நூலிழையில் தோற்கும், ஆகவே 2023இல் சரிவு உறுதி என்று கணக்கு அறிந்தவர்கள் வாதிட்டார்கள். பொதுவாக அது நல்ல வாதம். ஆனால் காலிங்வுட் முதலிடம் பிடித்து, இறுதிப்போட்டியில் பிரிஸ்பனை 90–86 என்று, மீண்டும் ஓர் உதையின் வித்தியாசத்தில் வென்றது. மெக்ரே முன்பு ரிச்மண்டில் இளம் வீரர்களை வளர்க்கும் பணியில் இருந்தவர் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்த்திசையிலும் சான்றுண்டு. ரிச்மண்டிடம் தோற்ற அடிலெய்ட், பெரும்பாலும் அதே வீரர்களோடு 2018இல் பன்னிரண்டாம் இடத்துக்கு விழுந்தது. 2024இல் பதினைந்தாவதாக இருந்து 2025இல் முதலிடம் பிடித்து, இறுதிச்சுற்றின் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியதும் அதே அடிலெய்ட்தான். பெயர்ப்பட்டியலை மட்டும் படித்து இந்த ஏற்ற இறக்கங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

7. வாதிடும் முறை பற்றி

ஆகவே ரசிகர்களுக்கு இந்த ஆய்வு முன்வைக்கும் வேண்டுகோள் இது. கோடையில் அணியை எடைபோடும்போது முதல் ஐந்து பெயர்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அணியின் கடைசி ஆறு இடங்களில் யார், அவர்களுக்கு வயதென்ன, சென்ற ஆண்டு இரண்டாம் அணி எப்படி ஆடியது, அந்த அணியின் ஆட்டமுறை மேலே உள்ள அணியோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். இரண்டாம் அணியின் ஆட்டத்துக்கு ஆண்டுக்கு நாலைந்து முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சியாளரை நீக்குவதா என்ற வாக்குக்கு இந்த அறிவுதான் முதல் தகுதி.

இந்த முறையைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வருகிறது. பத்தொன்பதாவது கிளப்பாகத் தாஸ்மேனியாவுக்கு 2023 மே மாதம் உரிமம் வழங்கப்பட்டது. 2028இல் அது களமிறங்கத் திட்டம். 2024இல் தொடக்க உறுப்பினர் சேர்க்கை அறிவிக்கப்பட்டபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சென்ற ஆண்டின் பட்டியல், நட்சத்திரங்களின் பழைய ஆட்டம், ஒன்பதாம் இடத்து நினைவு எதுவும் அவர்களிடம் இராது. முதல் பருவத்திற்கு முந்தைய கோடையில், அந்த இரண்டு லட்சம் பேரும் வீரர் பட்டியலின் கடைசிப் பெயர் வரை படித்துத்தான் வாதிட வேண்டியிருக்கும்.